கழுவி வைத்த ஸ்ப்ரேயர்

எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். என் கணவர் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறவர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டியோடு வடக்கே கிளம்பினால் வீடு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் தோட்டத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன். தக்காளி, கத்தரி, கொத்தவரை என்று காய்கறிதான் வைப்பேன். பறித்ததை நாமக்கல் உழவர் சந்தைக்குக் கொண்டுபோவேன். என் தக்காளிக்காகவே காத்திருந்து வாங்கிப்போகிறவர்கள் சிலர் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே கணவரின் அண்ணன் வீடு. அவருடைய நிலமும் எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம்தான். அவர் மக்காச்சோளம் போடுவார். கோழித் தீவனத்துக்கு நல்ல கிராக்கி, காய்கறி மாதிரி தினமும் முதுகு வளைக்க வேண்டியதில்லை என்பார். ஊரில் உழவர் குழு ஒன்று ஆரம்பித்தபோது அவரைத்தான் தலைவராகப் போட்டார்கள். யாருடைய பயிரில் பூச்சி விழுந்தாலும் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு அவர் வாசலில் வந்து நிற்பார்கள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இன்ன மருந்து அடி என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார். நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். என் கணவர் ஊரில் இல்லாத நாட்களில் எங்களுக்கு ஆண் துணை என்றால் அவர்தான். பையனுக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவோம். இதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் ஒருதலையாகப் போய்விடும்.

அந்த வருடம் ஆவணியில் தக்காளி நட்டேன். பக்கத்து ஊர் நாற்றுப்பண்ணையில் வாங்கிய நாற்று. பண்ணைக்காரர் என் வயதுக்காரர். மனைவியும் அவருமாக நிழல்வலைக் கூடாரம் ஒன்று போட்டு, குழித்தட்டில் நாற்று வளர்த்து விற்றுவந்தார்கள். எங்கள் குழுவில் பாதிப்பேர் அவரிடம்தான் வாங்குவார்கள். நட்டது அத்தனையும் பிடித்தது. செடி முழங்கால் உயரம் வந்தபோது இலையில் கோலம் போட்டதுபோல் பூச்சி வரி தெரிந்தது. வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கலாம் என்று பார்த்தால் என் கைத்தெளிப்பான் ஒழுகியது. மாமா வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் புது பேட்டரி ஸ்ப்ரேயர் இருந்தது.

"மாமா, ஸ்ப்ரேயர் ஒரு நாளைக்கு வேணுங்க."

"எடுத்துட்டுப் போ சாமி. சாளைக்குள்ள தொங்குது."

சாளை என்பது பக்கத்திலிருந்த கூரைக் கொட்டகை. உள்ளே போய் ஸ்ப்ரேயரை எடுத்து மூடியைத் திறந்து பார்த்தேன்.

"என்னமோ வாசம் வருதே. களை மருந்து அடிச்சீங்களா?"

"சோளக்காட்டுக்கு அடிச்சேன். அதெல்லாம் கழுவித்தான் வெச்சிருக்குது."

நானும் என் பங்குக்கு இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினேன். வாசம் குறைந்தமாதிரி இருந்தது. தோட்டம் முழுக்க அடித்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த கடைசி நான்கு வரிசையை மட்டும் விட்டுவிட்டேன். அங்கேதான் பிள்ளைகள் விளையாடுவார்கள், மாட்டையும் அங்கேதான் கட்டுவேன். எந்த மருந்தானாலும் அந்தப் பக்கம் அடிப்பதில்லை என்பது என் வழக்கம்.

சில நாளில் கொழுந்து முறுக்கிக்கொண்டது. முதலில் வெயில் என்று நினைத்தேன். பிறகு வந்த இலையெல்லாம் குறுகி, நரம்பு மட்டும் தடித்து, கயிறு திரித்தமாதிரி சுருண்டு வந்தது. தண்டு நேராக நிற்காமல் வளைந்து தரையைப் பார்த்தது. மருந்துக் கடைக்கு ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"வைரஸுங்க. வெள்ளை ஈ கொண்டாந்து வுட்டுருது. இப்ப எல்லாப் பக்கமும் இதான்."

அவர் கொடுத்த மருந்தை வாங்கிவந்து, மாமாவிடம் மறுபடி ஸ்ப்ரேயர் வாங்கி அடித்தேன். செடி ஒரு வாரம் தெளிந்தமாதிரி தெரியும், பிறகு புதிதாக விட்ட கொழுந்து முன்னைவிட மோசமாகத் திருகும். மறுபடி கடைக்குப் போவேன். அவர் வேறு மருந்து கொடுப்பார். மறுபடி ஸ்ப்ரேயர். இப்படியே ஐப்பசி முழுக்க ஓடியது. ஒவ்வொரு முறை ஸ்ப்ரேயரை எடுக்கும்போதும் மாமா சாளையிலோ வாசலிலோதான் இருந்தார். ஒரு தடவை அவரே பட்டையை என் தோளில் சரியாக மாட்டிவிட்டார்.

செடியைப் பார்க்க ஒருநாள் அவர் வந்தார். வரப்பில் நின்று ஒரு செடியைப் பார்த்தார். அடுத்த வரிசைக்குப் போனார். குனிந்து ஒரு கொழுந்தை விரலில் பிடித்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். எப்போதும் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிறவர், அன்றைக்குக் கிள்ளவில்லை. வரப்போரத்தில் நின்ற ஆமணக்கும் என் கொத்தவரையும்கூட முறுக்கிக்கொண்டிருந்ததைக் காட்டினேன்.

"இதெல்லாங்கூட இப்புடி ஆயிருச்சு மாமா. வைரஸ் எல்லாத்துக்குமா வரும்?"

"வரும் வரும்," என்றார். "இது நாத்துல இருந்து வந்தது. அவன் நாத்தே சரியில்ல. நான் பாத்துக்கறேன், நீ மனச வுட்டுறாத."

எனக்காக ஒருவர் கோபப்படுகிறாரே என்று அப்போது நெஞ்சு நிறைந்துபோனது. அன்று மத்தியானம் அவர்கள் வீட்டுக்கு மோர்க்குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் குழுவைச் சேர்ந்த நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு மாமா நாற்றுப்பண்ணைக்குப் போனார். என்னையும் வரச்சொன்னார். பண்ணைக்காரர் தட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, "வாங்க, வாங்க," என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மாமா பிடுங்கிக்கொண்டு போயிருந்த செடியை அவர் காலடியில் போட்டார்.

"வைரஸ் புடிச்ச நாத்த வித்துப்போட்டு, வாங்க வாங்கன்னா கூப்புடறே? ஒத்தப் பொம்பள, புருசன் ஊர்ல இல்ல, யார் கேப்பாங்கன்னுதானே?"

பண்ணைக்காரர் செடியை எடுத்துப் பார்த்தார். "ஏனுங்க, இதே தட்டுல எடுத்த நாத்து இன்னும் ஆறேழு தோட்டத்துல நிக்குதுங்க. அங்கெல்லாம் நல்லா இருக்குதுங்களே. சித்தெ எங்கூட வாங்க, காட்டறேன்."

"எங்களுக்கு நீ காட்ட வேண்டாம். இனி எங்க குழுவுல ஒரு ஆள் உங்கிட்ட நாத்து எடுக்கமாட்டான்."

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். அம்மிணி நீங்களாவது சொல்லுங்க என்பதுபோன்ற பார்வை. எனக்கும் அவர்மேல் ஆத்திரம்தான் இருந்தது. என் செடி செத்துக்கொண்டிருந்தது. கூடாரத்து வாசலில் நின்ற அவர் மனைவி உள்ளே போய்விட்டார். அந்த மாதமே குழுவிலிருந்து அவருக்குப் போகவேண்டிய கத்தரி நாற்று, மிளகாய் நாற்று எல்லாம் வேறு பண்ணைக்குப் போயிற்று.

பாதிச் செடியைப் பிடுங்கி எறிந்தேன். மீதியில் காய் வந்தது. அதைக் காய் என்று சொல்வதற்கில்லை. அடியில் கிளிமூக்கு மாதிரி ஒரு கூர், தோல் தடிப்பு, அறுத்தால் உள்ளே சதை இல்லாமல் பொக்காக இருக்கும். சந்தைக்குக் கொண்டுபோக வெட்கமாக இருந்தது. விற்கவில்லை. ஆனால் எறியவும் மனம் வரவில்லை. ரசத்துக்குக் கரைத்தேன், தொக்கு கிண்டினேன். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றார்கள். சின்னவள், "ஏம்மா மூக்குத் தக்காளியே பறிக்கறே?" என்றுகூடக் கேட்டாள். பறிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கூடை மாமா வீட்டுக்கும் கொடுத்துவிடுவேன். அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டி வாங்கிக்கொள்வாள். கூடை காலியாகத் திரும்பி வரும்.

கார்த்திகைக் கடைசியில்தான் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனேன். உழவர் சந்தையில் பக்கத்துக் கடை வைத்திருக்கும் அம்மாள்தான், "கடைக்காரன் சொல்றதையே கேட்டுட்டு இருக்காதீங்க, ஒருக்கா அங்க கொண்டுபோய்க் காட்டுங்க," என்றாள். தக்காளிக் கிளை, கொத்தவரைக் கிளை, ஆமணக்கு இலை மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே இருந்த அதிகாரி இளம்பெண். மூன்றையும் மேசையில் பரப்பினார்.

"மூணும் ஒரே நேரத்துலயா திருகிச்சு?"

"ஆமாங்க."

"வைரஸா இருந்தா மூணு வேற வேற செடிக்கு ஒரே வாரத்துல, ஒரே மாதிரி வராதுங்க. இது களைக்கொல்லி. அதுலயும் செடியோட வளர்ச்சியைத் தாறுமாறா ஆக்கற வகை. மக்காச்சோளத்துக்கு அடிப்பாங்க. சோளம் தாங்கிக்கும், அகல இலைச் செடி தாங்காது. பக்கத்துல யாராவது அடிச்சாங்களா?"

"எங்க மாமா அடிச்சாருங்க. ஆனா அது நான் மருந்தடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடி. அப்ப செடி நல்லாத்தான் இருந்துச்சு."

"நீங்க எதுல மருந்து அடிச்சீங்க?"

நான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "அடிக்காம விட்ட இடம் ஏதாவது இருக்குதா?"

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து நான்கு வரிசை கண்முன் வந்தது. அந்தச் செடிகள் ஒன்றுகூடத் திருகவில்லை, அதில் வந்த கொஞ்ச நல்ல காயைத்தான் சந்தைக்குக் கொண்டுபோனேன். தினமும் அந்த வரிசைகளைத் தாண்டித்தான் தோட்டத்துக்குள் போவேன். மாட்டுக் கோமியம் பட்டுத்தான் அப்படித் தெம்பாக நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வெறும் தண்ணியில அந்த மருந்து போகாதுங்க," என்றார் அவர். "டேங்க்லயும் ரப்பர் குழாய்லயும் ஒட்டிக்கிட்டு நிக்கும். சலவைச் சோடா போட்டு ஊறவெச்சு, பல தடவை கழுவணும். அப்பவும் காய்கறிக்குன்னு தனியா ஒண்ணு வெச்சுக்கறதுதான் நல்லது. தக்காளிக்கு அது துளி பட்டாலே போதும்."

அப்படியானால் செடியைக் காப்பாற்றுகிறேன் என்று நான் ஒவ்வொரு தடவை மருந்து அடித்ததும் அதே விஷத்தைத்தான் மேலும் மேலும் ஊற்றியதா என்று கேட்டேன். அவர் ஆமாம் என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தார். கடைசியாக, "காயைச் சாப்பிட வேண்டாங்க. எவ்வளவு தங்கியிருக்குன்னு பார்க்கற வசதி இங்க இல்ல. ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். ஆனா நான் சாப்பிடச் சொல்லமாட்டேன்," என்றார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு மாமாமேல் கோபம் வரவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். தண்ணீரில் கழுவினால் போதும் என்றுதானே ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் நினைப்பெல்லாம் அந்தக் கூடைகள்மேல்தான். அவர்கள் வீட்டிலும் மூன்று பிள்ளைகள். இத்தனை வாரம் கொடுத்துவிட்டேனே, பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் முதலில் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. என் வீட்டைத் திறக்காமல் நேராக அவர்கள் வீட்டுச் சமையல்கட்டுக்குப் போனேன்.

அக்கா அரிவாள்மனையில் தக்காளி அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சப்பை நிறையத் தக்காளி. உருண்டையாக, சிவப்பாக, மூக்கு இல்லாத தக்காளி. சந்தையில் வாங்கியது.

நான் வந்த வேகத்தில் சொல்லிவிட்டேன். "அக்கா, நான் குடுத்த தக்காளிய யாரும் திங்காதீங்க. அதுல களை மருந்து எறங்கியிருக்குதாமா, வேளாண் நிலையத்து மேடம் சொன்னாங்க. புள்ளைங்களுக்குக் குடுத்துறாதீங்க."

"அதை நாங்க எங்க தின்னோம்," என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அரிவாள்மனையை மடக்கினாள். மறுபடி நிமிர்த்தினாள்.

"நான் ஒவ்வொரு தடவையும் குடுத்தேனே. அதையெல்லாம் என்னக்கா பண்ணுனீங்க?"

"நீ தப்பா நெனச்சுக்காத கண்ணு."

"என்ன பண்ணுனீங்க?"

 அவள் பார்வை பின்வாசல் பக்கம் ஒரு தடவை போய்த் திரும்பியது. நான் பின்வாசலுக்குப் போனேன். அங்கே குப்பைக்குழி. சாணத்துக்கும் சாம்பலுக்கும் நடுவே என் தக்காளி கிடந்தது. மேலே இருந்தவை இன்னும் அழுகவில்லை. கூர்மூக்கு நன்றாகத் தெரிந்தது. குழிக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய இரண்டு மாடுகளும் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"மாட்டுக்குக்கூடப் போடலியாக்கா?"

அக்கா வாசல்படியில் வந்து நின்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. "பால் கறக்கற மாடு, வேண்டாம்னு அவருதான் சொன்னாரு. எனக்கு என்ன தெரியும்? அவரு சொல்லாதேன்னா நான் என்ன பண்ணட்டும்? குழுவுல இத்தன பேருக்கு யோசன சொல்ற ஆளு, சொந்த ஊட்டுலயே இப்புடி ஆயிருச்சுன்னா நாளைக்கு எவன் மதிப்பான்னு சொன்னாரு. எனக்கு மட்டும் மனசு கேட்டுச்சா?"

"எம்புள்ளைங்க தின்னுச்சுங்களே அக்கா. சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து தெனமும் தின்னுச்சுங்களே. அவங்களுக்கு மட்டுமாச்சும் சாடையாச் சொல்லியிருக்கலாமே."

 நான் என் வீட்டுக்கு வந்து தொக்கு ஜாடியை எடுத்துக் கவிழ்த்தேன். ஜாடியைக் கழுவவில்லை, அதையும் எறிந்தேன்.

சாயந்திரம் மாமா வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார். "அந்தப் பொண்ணு படிச்சுட்டு வந்து புஸ்தகத்துல இருக்கறதச் சொல்லுது. வயல்ல நின்னு பாத்திருக்குதா? வைரஸ்தான் அது. நான் சொல்றேன்ல."

"அப்ப ஏனுங்க மாமா உங்க ஊட்டுல திங்கல?"

"கிளிமூக்காட்ட இருக்குது, பாக்கவே புடிக்கல. அதனால திங்கல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு லேசாகச் சொல்ல முடிந்தது அவரால்.

கணவரிடம் போனில் சொன்னேன். அவர் நிற்கிற இடத்தில் ரிக் ஓடும் சத்தம். "நான் வாரேன், வந்து பேசிக்கலாம். அதுவரைக்கும் அண்ணனைக் கேக்காதே," என்றார். வண்டிச் சத்தத்தில் சரியாகக் கேட்டிருக்காது, முழுசாகக் கேட்டால் துடித்துப்போவார் என்று நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன்.

பொங்கலுக்கு வந்தார். வந்த மறுநாள் கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போய் உட்கார்ந்தேன். ஆதியிலிருந்து சொன்னேன். வாசம் வந்தது, கழுவித்தான் வைத்திருக்கிறது என்று மாமா சொன்னது, நாற்றுக்காரர், அதிகாரி, குப்பைக்குழி எல்லாம். அவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். எந்த இடத்திலும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

"ஏனுங்க, உங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"ஸ்ப்ரேயர்லதான் வந்துச்சுன்னு."

அவர் ஒரு நட்டைத் திருகினார். அது ஏற்கெனவே இறுகியிருந்த நட்டு. "அண்ணன் போன் பண்ணிச் சொன்னான்."

"எப்ப?"

"அது… அந்த நாத்துக்காரன்கிட்டப் போறதுக்கு முன்னால."

 அதன்பிறகும் நான் இரண்டு தடவை மருந்து அடித்தேன். அதன்பிறகுதான் காயே வந்தது. தினமும் போனில் பேசுகிறவர், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்கிறவர். தக்காளித் தொக்கு என்று நான் சொன்னபோது, ம் என்று கேட்டுக்கொண்டவர்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீ சும்மா இருப்பியா? ஊரெல்லாம் சொல்லுவே. அண்ணன் பேரு கெட்டுப்போகும். தெரிஞ்சா பண்ணினான்? கழுவித்தானே வெச்சான். செடி எப்புடியும் போச்சு, சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன்."

"புள்ளைங்க தின்னாங்களே."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு அண்ணன் சொன்னான்."

"அப்புறம் அவரு ஊட்டுல ஏன் திங்கல?"

அவர் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.  இன்றுவரைக்கும் அந்தக் கேள்விக்கு அந்த வீட்டிலும் இந்த வீட்டிலும் யாரும் பதில் சொல்லவில்லை. பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. கணவரிடம் வந்து சொன்னேன். "பாத்தியா, நாந்தான் சொன்னேன்ல," என்றார். அவர் முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதியை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அவர் திரும்ப வேலைக்குக் கிளம்பிப் போனதும் நாற்றுப்பண்ணைக்குப் போனேன். கூடாரத்தின் வலை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. உள்ளே பாதிக்குமேல் காலித் தட்டுகள் அடுக்கிக் கிடந்தன. பண்ணைக்காரர் கோழிப்பண்ணை ஒன்றில் லாரிக்கு முட்டை ஏற்றுகிற வேலைக்குப் போகிறார் என்று அவர் மனைவி சொன்னார். காத்திருந்தேன். மத்தியானம் வந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டார். "உங்க நாத்துல ஒரு கொறையும் இல்லீங்க," என்று நான் முடித்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"அது எனக்குத் தெரியுங்களே, அம்மிணி. எங்கிட்ட வந்து சொல்லி என்னுங்க ஆகப்போகுது? நாலு பேரு முன்னால வெச்சுத்தான் எங்கால்ல செடியப் போட்டாங்க. அந்த நாலு பேருகிட்டச் சொல்லுங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்து, "அவங்ககிட்ட என்ன பேச்சு, சோறு ஆறுது," என்றார். நான் வந்துவிட்டேன்.

நாலு பேரிடமும் சொன்னேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். ஒருவர், "குடும்ப விசயத்த வெளிய பேசாதீங்க," என்றார். இன்னொருவர் என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, அண்ணன் தம்பிக்குள் ஏதாவது வரப்புத் தகராறா என்று கேட்டார். மாமாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதன்பிறகு சுவரைத் தாண்டிப் பேச்சு நின்றது. ஆனால் உறவு நிற்கவில்லை. பையனுடைய காதுகுத்துக்குத் தாய்மாமனுக்கு அடுத்தபடியாக அவரைத்தான் உட்காரவைக்க வேண்டியிருந்தது. இலை போட்டுச் சோறு பரிமாறினேன். ரசம் வேண்டாம் என்று கையை இலைமேல் நீட்டினார்.

அடுத்த ஆடியில் அந்த அதிகாரி எங்கள் ஊருக்கே ஒரு பயிற்சி முகாம் போட்டார். களைக்கொல்லியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றி. "உங்க அனுபவத்தை நீங்களே சொன்னா நல்லா மனசுல பதியும். யார் பேரும் சொல்ல வேண்டாம்," என்று என்னைக் கூப்பிட்டார். நாற்றுப்பண்ணைக்காரருக்கும் சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை. அதற்குள் பண்ணையை மூடிவிட்டு, மனைவியின் ஊரான கெங்கவல்லிப் பக்கம் போய்விட்டார் என்று தெரிந்தது. நாற்றுத் தட்டுகளை ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போனாராம்.

முகாம் குழுவின் கட்டடத்தில்தான் நடந்தது. மேடையில் நடு நாற்காலியில் மாமா. தலைவர் அல்லவா. கழுத்தில் துண்டு போட்டு மரியாதை செய்தார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டதும் எழுந்து போனேன். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எந் தக்காளி திருகிப்போனது உங்க எல்லாருக்கும் தெரியும். நாத்துனாலன்னு சொன்னாங்க. நாத்துனால இல்லீங்க. களை மருந்து அடிச்ச ஸ்ப்ரேயர்ல நான் பூச்சி மருந்து அடிச்சேன். அதுனாலதான். அது எங்க மாமாவோட ஸ்ப்ரேயர். மாமாவுக்கு அது தெரிஞ்சும் என்னைத் திரும்பத் திரும்ப அடிக்க வுட்டாரு. தெரிஞ்சுதான் அந்த நாத்துக்காரரை இந்தக் குழுவுல இருந்து தொரத்துனாரு."

 மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி தரையைப் பார்த்தார். மாமா எழுந்து வந்தார். அடித்துவிடுவாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். மெதுவாக என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். சிரித்தார்.

"எங்க ஊட்டுப் பொண்ணு, பாவம், பயிர் போன வேதனைல பேசுது. அது பேசட்டுங்க. அதுல ஒரு விசயம் இருக்குது. எங்க சொந்தத் தோட்டத்துலயே இந்தத் தப்பு நடந்துபோச்சுங்க. எனக்கே அப்ப சந்தேகம் வந்துச்சு. அப்பத்தான் மேடத்துகிட்டக் கொண்டுபோய்க் காட்டுன்னு அனுப்பி வெச்சேன். அதனாலதான் இன்னிக்கு இந்த முகாமே நடக்குது. எல்லாரும் டேங்க்கச் சோடா போட்டுக் கழுவுங்க. காய்கறிக்குத் தனி ஸ்ப்ரேயர் வெச்சுக்குங்க. மறைக்காமச் சொல்லிட்டேன். மறைச்சு என்னுங்க ஆகப்போகுது?"

முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.  என்னை அங்கே நீங்களா அனுப்பினீர்கள் என்று கேட்க வாயெடுப்பதற்குள் மைக் அதிகாரியின் கைக்குப் போய்விட்டது. அவர் படம் போட்டு விளக்கத் தொடங்கிவிட்டார்.

முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அன்றைக்கு நாற்றுக்காரர் வாசலில் செடி போட்டபோது கூட நின்ற ஒருவர் என் பக்கத்தில் டீயை ஊதிக்கொண்டே, "அப்ப அந்த ஆளு குடுத்தது நல்ல நாத்துத்தானாட்ட இருக்குது," என்றார். பிஸ்கட்டை டீயில் நனைத்தார். அது பாதி உடைந்து உள்ளே விழுந்துவிட, "அட," என்று விரலை விட்டு எடுக்கப் பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் இப்போதும் காய்கறிதான் வைக்கிறேன். கத்தரியும் பீர்க்கையும். தக்காளி வைக்கவில்லை. வைக்க முடியாது என்று இல்லை, மண்ணில் அந்த மருந்து அத்தனை நாள் நிற்காது என்று அதிகாரியும் சொன்னார். எனக்குத்தான் அந்தச் செடியின் கொழுந்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மாமா மறுபடியும் குழுத் தலைவராக வந்துவிட்டார். இந்தத் தடவை போட்டியே இல்லை.

முகாம் நடந்த அன்று பொழுதோடு கணவர் போன் பண்ணினார். வழக்கம்போல, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்றார். சாப்பிட்டார்கள் என்றேன்.

"அண்ணன் பேசினான். நீ ஏதோ கொஞ்சம் கோவமாப் பேசிட்டியாமா. பரவால்ல, அவன் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலையாமா."

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். போய் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.